ஆளுநர் மாளிகையில் மடு மண்

ஆளுநருக்குக் கருணை மனு போய் அன்றைக்கு நூற்று நாற்பத்து மூன்று நாள். பிலோமினா நாட்காட்டி பார்த்து எண்ணவில்லை. மனு போன நாளிலிருந்து காலையில் ஒரு செபமாலை கூடுதலாகச் சொல்வதாக ஊரில் மடுக் கோவிலில் இருக்கிற மாதாவுக்கு நேர்ந்திருந்தாள். கணக்கு அதிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

“நூற்றி நாப்பத்திமூண்டு,” என்றாள், குசினியில் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டு. “இனிப் பாத்துக்கொண்டிருந்து சரிவராது. இண்டைக்கு நேரிலயே போறம்.”

மேசையில் பாண் வெட்டிக்கொண்டிருந்த மகள் டில்ஷா, “ஓம்,” என்றாள். ஐந்து நாளாக அவளுக்கு ஒரு விஷயம் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.

“கொப்பர் வரேல்லையோ?”

“முழங்கால் நோகுதாம்.”

“ராசாட வீட்டுக்குப் போக எண்டா நோகும். கிறிக்கெட்டுக்குப் போக நோகாது.”

முன்னறையில் அப்பா பேர்னாட் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

மெல்பேர்னில் ஆளுநர் இருக்கிற மாளிகையைப் பொதுமக்கள் பார்ப்பதற்காகத் திறந்துவிடுகிற நாள் அது. அப்படி ஒரு நாள் வருகிறது என்று போனில் பார்த்து அம்மாவுக்குச் சொன்னதே டில்ஷாதான். பழைய வீடு, நல்ல பூந்தோட்டம், ஒரு பின்னேரம் போய்வரலாம் என்ற அளவில்தான் சொன்னாள். பிலோமினா அதை அப்படி எடுக்கவில்லை. பெட்டியின் அடியில் கிடந்த நீலச் சேலையை எடுத்து வெயிலில் போட்டாள்.

எறிக் டில்ஷாவின் தம்பி, இரண்டு வயது இளையவன். டண்டினொங் தெற்கில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை செய்தவன். ஒரு மழைக்கால விடியலில், அடுத்தடுத்து இரண்டு ஷிஃப்ட் முடித்துவிட்டுக் கார் ஓட்டி வரும்போது கண்ணயர்ந்துவிட்டான். கார் தெருவோர மரத்தில் மோதியது. பக்கத்து சீட்டில் இருந்த லக்சன் அந்த இடத்திலேயே போய்விட்டான். லக்சன் மூன்று வீடு தள்ளி இருக்கிற ரஞ்சினியின் ஒரே பிள்ளை. இரண்டு பேரும் மன்னாரில் ஒரே நாளில் கோவிலில் முதல் நன்மை வாங்கியவர்கள். அன்றைக்கு எடுத்த படத்தில் இரண்டு பேருக்கும் முன்பல் இல்லை.

நீதிமன்றம் எறிக்குக்குச் சிறை கொடுத்தது. அதை அந்த வீடு தாங்கிக்கொண்டது. தாங்க முடியாதது பிறகுதான் வந்தது. வீட்டில் எல்லாரும் குடியுரிமை எடுத்தபோது எறிக்குக்கு வயது பத்தொன்பது. அவன் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். “நைட் ஷிஃப்ட், ஆறுதலாச் செய்யிறன்,” என்றான். செய்யவில்லை. குடியுரிமை இல்லாதவன் ஒரு வருடத்துக்கு மேல் சிறைக்குப் போனால் அவனுடைய விசா போய்விடும். தண்டனை முடிந்ததும் கொழும்புக்கு ஏற்றுவார்கள். ஒன்பது வயதில் மன்னாரை விட்டு வந்தவன். அங்கே அவனுக்கு இப்போது ஒரு கதவும் இல்லை.

கேட்க வேண்டிய இடமெல்லாம் கேட்டு, எல்லா இடமும் இல்லையென்று சொன்ன பிறகு, மிஞ்சியது கருணை மனு ஒன்றுதான். குற்றம் மாநிலச் சட்டப்படி நடந்த குற்றம். அதனால் மன்னிப்பதும் மாநில ஆளுநர்தான், அரசரின் பெயரால். முழு மன்னிப்புக் கிடைத்தால் அந்தத் தீர்ப்பே வந்ததில்லை என்று ஆகிவிடும். தீர்ப்பே இல்லாதபோது விசாவைப் பறிக்கவும் காரணம் இராது.

மனுவை எழுதித் தந்தது பார்கவி. கோயம்புத்தூர்க்காரி, இலவசச் சட்ட உதவி நிலையத்தில் வழக்கறிஞர். முதல் நாளே அவள் பிலோமினாவை எதிரே உட்காரவைத்துச் சொன்னாள்.

“அம்மா, இப்பவே சொல்லிடறேன். இது கிடைக்கறது ரொம்ப அபூர்வம். கவர்னர் தானா எதையும் செஞ்சிட முடியாது. மந்திரி என்ன சொல்றாரோ அதுக்குத்தான் கையெழுத்து. கவர்னர் கேள்வி கேக்கலாம், இன்னொரு தடவை யோசிங்கன்னு சொல்லலாம். அவ்வளவுதான்.”

“அப்ப ராசா?”

“ராஜாவும் அப்படித்தாம்மா.”

“பிறகேன் பிள்ளை எல்லாம் அவையின்ர பேரில நடக்குது?”

பார்கவி சிரித்துவிட்டாள். “அதைப் புரிஞ்சுக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சும்மா.”

பிலோமினாவுக்கு ஒரு வருடம் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. “மாதாவும் தானா ஒண்டும் செய்யிறேல்லைத்தானே,” என்றாள். “மகனிட்டச் சொல்லுவா. அவர் செய்வார். நாங்கள் மாதாவைப் பிடிச்சுக்கொள்ள வேண்டியதுதான்.” ஊரில் வெசாக் பெருநாள் வந்தால் சனாதிபதி ஒரு கையெழுத்தில் நூற்றுக்கணக்கான பேரைச் சிறையிலிருந்து வெளியில் விடுவதைப் பார்த்தவள் அவள். சனாதிபதியே அப்படியென்றால் ராசா எப்படி என்று ஒரு கணக்கு அவள் மனதில் இருந்தது.

டில்ஷா அந்தக் கணக்கைத் திருத்தப் போகவில்லை. அவள் இரசாயனம் படித்தவள், தயிர்த் தொழிற்சாலையொன்றின் ஆய்வுகூடத்தில் வேலை. நாலு பேர் முன்னால் தன் பெயரைச் சொல்லவே கூசுகிறவள். ஆனால் பார்கவி ஆளுநரைப் பற்றிச் சொன்னபோது அவளுக்கு நினைவு வந்தது அம்மாதான்.

அந்த வீட்டிலும் எல்லாம் அம்மாவின் பெயரில்தான் நடந்தது. “அவவைக் கேக்காம நான் ஒண்டும் செய்யிறேல்லை,” என்று பேர்னாட் கோவில் முற்றத்தில் பெருமையாகச் சொல்லுவார். பொய்யும் இல்லை. வீட்டை வாங்க வங்கியில் எல்லாம் முடித்துக்கொண்டு வந்து, “என்ன சொல்லுறீர்?” என்று கேட்டார். டில்ஷா தன் படிப்பை மாற்றிக்கொண்டு வந்து கேட்டாள். எறிக் இரவு வேலைக்குக் கையெழுத்து வைத்துவிட்டு, வேலைச் சப்பாத்தும் வாங்கிக்கொண்டு வந்து கேட்டான். பிலோமினா ஒவ்வொரு முறையும் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, “சரி, உங்கட விருப்பம்,” என்பாள். எறிக்கிடம் மட்டும், “இரவில கண்முழிச்சிட்டுக் கார் ஓடுறது கவனம், ராசா,” என்று ஒரு சொல் கூடுதலாகச் சொன்னாள்.

மனுவோடு லக்சனின் வீட்டாரும் மறுப்பில்லை என்று எழுதிக்கொடுத்தால் நல்லது என்று பார்கவி சொல்லியிருந்தாள். ரஞ்சினி பேச்சை நிறுத்தியவள் அல்ல. தெருவில் கண்டால் கை அசைப்பாள். வீட்டுக்குள் மட்டும் வருவதில்லை. ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து காருக்குப் பக்கத்தில் வைத்து பிலோமினா அவளிடம் கேட்டாள். கேட்கும்போது ரஞ்சினியின் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவள் போய்விடுவாளோ என்று.

ரஞ்சினி போகவில்லை. “கேட்டிட்டியள் அக்கா. எழுதித் தாறன்,” என்றாள். பிறகு, “ஆனா ஒண்டு. அதில இருக்கப்போறது என்ர கையெழுத்து. என்ர மனத்தை அதில தேடாதேங்கோ.”

பிலோமினா முதல் பாதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இரண்டாம் பாதி பக்கத்தில் நின்ற டில்ஷாவிடம் தங்கிவிட்டது.

அந்த இரண்டாம் பாதியை டில்ஷாதான் சிறைக்குக் கொண்டுபோனாள். முந்தின வாரம் சனிக்கிழமை பிலோமினாவுக்குக் காய்ச்சல். டில்ஷா தனியாகப் போனாள். ரஞ்சினி அன்ரி எழுதிக் கொடுத்துவிட்டா என்று இவ்வளவு நாளும் அவனிடம் யாரும் சொல்லவில்லை. காரியம் முடியட்டும் என்று இருந்தார்கள். டில்ஷா நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னாள்.

“என்ன சொல்லித் தந்தவ?” என்று கேட்டான் எறிக்.

டில்ஷாவுக்குக் கூட்டவும் குறைக்கவும் தெரியாது. ஆய்வுகூடத்தில் எழுதுவதுபோல, கேட்டதைக் கேட்டபடியே சொன்னாள். எறிக் அவளைப் பார்க்காமல், மூலையில் நின்ற சோடா இயந்திரத்தின் பக்கம் திரும்பினான்.

“முழு மன்னிப்பு எண்டா என்னக்கா? சரியா என்ன நடக்கும்?”

அதையும் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் ஒன்று சொன்னான். அவள் வீட்டுக்கு வந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை. அது கோபத்தில் வந்த கதை, ஆறிவிடும் என்று இருந்தாள். செவ்வாய்க்கிழமை வேலையில் நிற்கும்போது பார்கவியிடமிருந்து போன் வந்தது. டில்ஷா குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். பேசி முடிந்த பிறகும் தயிர்ப் பெட்டிகளுக்கு நடுவில் விரல் விறைக்கும்வரை நின்றாள்.

அன்று பின்னேரம் கராஜில் வைத்து அப்பாவிடம் சொன்னாள். பேர்னாட் கவிழ்த்துப் போட்டிருந்த பால் பெட்டியில் அமர்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தார்.

“கொம்மாட்ட இப்ப சொல்லாதே,” என்றார். “ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டைப் போய்ப் பாத்திட்டு வரட்டும். நீலச் சேலையெல்லாம் எடுத்து வைச்சிருக்கிறா. பிறகு ஆறுதலாச் சொல்லுவம்.”

டில்ஷா தலையாட்டினாள். இதையும் அம்மா இல்லாத இடத்தில்தான் முடிவெடுத்தார்கள் என்பது இரவு படுக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ரயிலில் பிலோமினா யன்னலோரம் இருந்தாள். மடியில் கைப்பை. அதற்குள் தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், செபமாலை இருந்த சின்னத் தகரப்பெட்டி.

“இங்கிலிசில எப்பிடிச் சொல்லுவாய்?”

“என்னத்தை?”

“கவர்னரைக் கண்டா. முதல் வணக்கம் சொல்லு. பிறகு, இவதான் எறிக்கின்ர தாய் எண்டு சொல்லு. வேற ஒண்டும் சொல்லாதே. மிச்சம் அவைக்குத் தெரியும், மனு கையிலதானே இருக்கு.”

“காண ஏலுமோ தெரியாதம்மா. நிறையச் சனம் வரும்.”

“மடுவிலயும் சனம்தான். மாதா எல்லாரையும் பாக்கிறா.”

டில்ஷா யன்னலுக்கு வெளியே பார்த்தாள். இப்போதே சொல்லிவிடலாம். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய், வீட்டுக்குத் திரும்பிவிடலாம். ரயில் நின்றது, கதவு திறந்தது, மூடியது. அவள் அசையவில்லை.

பூங்காவுக்குள்ளால் நடந்து போனார்கள். மரங்களுக்கு மேலே வெள்ளைக் கோபுரம் தெரிந்தது, உச்சியில் கொடி.

“கொடி பறக்குது,” என்றாள் பிலோமினா. “ஆள் உள்ளதான்.”

வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். காவலாளி தகரப்பெட்டியைத் திறந்து செபமாலையைக் கண்டதும் மரியாதையாக மூடிக் கொடுத்தான். சனம் வரிசையாக நகர்ந்தது. தள்ளுவண்டியில் பிள்ளைகள், தொப்பி போட்ட கிழவிகள், படம் எடுக்கிற சீன மாணவர்கள். மஞ்சள் திரை போட்ட அறைகள், ஐம்பது பேர் சாப்பிடுகிற மேசை, கண்ணாடிக்குள் வெள்ளிச் சாமான். சுவரில் அரசரின் படம்.

“இவரோ?”

“ஓம்.”

பிலோமினா படத்தைப் பார்த்து, பங்குக் கோவிலுக்குப் புதிதாக வந்த ஆளுக்குச் செய்வதுபோல் லேசாகத் தலையைக் குனிந்தாள்.

கடைசியாகப் பெரிய மண்டபம். கண்ணாடி விளக்குகள் தொங்கின. ஒரு பக்கம் படி வைத்த மேடை, சிவப்புக் கம்பளம், மேடையில் உயர்ந்த முதுகுள்ள கதிரைகள். கதிரைகளில் யாரும் இல்லை. குறுக்கே சிவப்புக் கயிறு. கயிற்றுக்குப் பக்கத்தில் நீலக் கோட்டும் சட்டையில் பெயர்ப் பட்டையும் போட்ட ஒரு வயதான தொண்டர் நின்றார்.

“கேள்,” என்றாள் பிலோமினா. “இதில இருந்தோ கையெழுத்து வைக்கிறவை எண்டு கேள்.”

டில்ஷா கேட்டாள். அவளுடைய குரல் முதல் முறை அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்டுவிட்டு அவர் சந்தோஷமாகச் சொன்னார். இங்கே இல்லை, நகரத்துக்குள் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது, அமைச்சர்கள் காகிதங்களோடு அங்கே வருவார்கள், ஆளுநர் அங்கே வைத்துக் கையெழுத்திடுவார். இந்த மண்டபத்தில் பதக்கம் கொடுப்பார்கள், விருந்து வைப்பார்கள்.

டில்ஷாவுக்குத் திடீரென்று தன்னுடைய கேள்வி ஒன்று வந்தது. “ஆளுநர் எப்போதாவது மாட்டேன் என்று சொன்னதுண்டா?”

கிழவர் புருவத்தை உயர்த்தினார். அப்படி ஒன்று நடந்தால் பேப்பர் முழுக்க அதுதான் வரும், என்று சொல்லிச் சிரித்தார். இன்றைக்கு ஆளுநரைக் காணலாமா என்றதற்கு, காலையில் தோட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார் என்றார்.

“என்னவாம்?”

“கவர்னர் காலமை வந்திட்டுப் போட்டாராம்.”

“கையெழுத்து?”

“அது வேற இடத்திலயாம்.”

பிலோமினா வெறும் கதிரைகளைப் பார்த்தாள். முகம் வாடும் என்று டில்ஷா நினைத்தாள், வாடவில்லை. “பரவாயில்லை. ஆளில்லாட்டியும் இடம் இடம்தானே,” என்றாள். செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்தாள். தகரப்பெட்டி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. செபமாலைக்குக் கீழே, மடித்த கடதாசியில், அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த மடுக் கோவில் மண். பாம்புக் கடிக்கும் தீராத நோய்க்கும் என்று வீட்டுக்கு வீடு வைத்திருக்கிற மண். விமான நிலையத்தில் யாருக்கும் பிடிபடாமல் வந்து இத்தனை வருடம் அவளோடு இருந்தது. பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் அதைத் தொட்டதில்லை, பேர்னாட்டின் இதய ஒப்பரேஷனுக்கும் தொட்டதில்லை. இப்போது கயிற்றுக்குக் கீழே கையை நீட்டி, மேடையின் முதல் படியடியில் முழுவதையும் கொட்டினாள்.

சிவப்புக் கம்பளத்தில் அது ஒரு கரண்டி மண்ணாகத் தெரிந்தது.

தொண்டர் கண்டுவிட்டார். யாருடைய சப்பாத்திலோ ஒட்டி வந்த தோட்டத்து மண் என்று நினைத்தாராக்கும். முகம் சுளிக்கவில்லை. தூணுக்குப் பின்னாலிருந்து சின்னத் தூரிகையும் தட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். கவலைப்படாதீர்கள், காலையிலிருந்து இதுதான் என் வேலை, என்று சொல்லிக்கொண்டு ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்தார்.

பிலோமினா அவருக்கு முந்திக் குனிந்து மண்ணின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

“சொல்லு பிள்ளை,” என்றாள் திரும்பிப் பாராமல். “கூட்ட வேண்டாம் எண்டு சொல்லு. மனுவுக்கு ஒரு முடிவு வருமட்டும் கிடக்கட்டும், பிறகு நானே வந்து அள்ளுறன் எண்டு சொல்லு.”

பதினொரு வயதிலிருந்து இதுதான் டில்ஷாவின் வேலை. டாக்டரிடம், வங்கியில், பள்ளிக்கூடத்தில், நீதிமன்ற வாசலில். அம்மா சொன்னதை அங்கே சொல்வாள். அவர்கள் சொன்னதை அம்மாவிடம் சொல்வாள். ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. இப்போது வாயைத் திறந்தாள். ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. பின்னால் வரிசை நின்றுவிட்டது. ஒரு குழந்தை, “ஏன் அந்த அன்ரி தரையில இருக்கிறா?” என்பதுபோல ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது.

பிலோமினா தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

“உனக்கு ஏதோ தெரியும்,” என்றாள். “கொப்பருக்கும் தெரியும். கிழமை முழுக்க ரெண்டு பேரும் என்னைச் சுத்திச் சுத்தி நடக்கிறியள். முழங்கால் நோவாம்.”

“அம்மா, ப்ளீஸ். எழும்புங்கோ. வீட்ட போய்க் கதைப்பம்.”

“வீட்ட போய்க் கொப்பரோட சேர்ந்து இருந்து, என்ன சொல்லுறீர் எண்டு கேப்பியள். நான் சரியெண்டு சொல்லுவன். இவ்வளவு காலமும் சொன்னனான்தானே.” குரல் உயரவில்லை. கை மண்ணின்மேலேயே இருந்தது. “என்ர பிள்ளை. இந்த ஒண்டையாவது எனக்கு முதல் சொல்லு.”

டில்ஷா அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். எதிரே கிழவர் தூரிகையைப் பிடித்தபடி, என்ன செய்வதென்று தெரியாமல் காத்திருந்தார். அம்மாவின் விரல்களுக்கு நடுவில் மண் தெரிந்தது. சாம்பல் நிறம், கொஞ்சம் மணல் கலந்தது.

“மனு இப்ப ஆரிட்டயும் இல்லையம்மா,” என்றாள். அந்த மண்டபத்தில் அவளுடைய குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. “முழு மன்னிப்பு எண்டா என்ன எண்டு கேட்டவன். தீர்ப்பே வராத மாதிரி ஆகும் எண்டு நான்தான் சொன்னனான். அப்பிடியெண்டா லக்சன் என்னெண்டு செத்தவன் எண்டு கேட்டான். அந்தக் கடதாசியோட ரஞ்சினி அன்ரியின்ர வாசலால தன்னால நடக்கேலாதாம். எறிக்தான் அம்மா மனுவைத் திருப்பி எடுத்தவன். அவன் ஊருக்கே போறன் எண்டிட்டான்.”